ஸ்கெல்பி பாலத்தில் நின்றவன்

ஓடைக்கரை வீதி,
கீழ் ஸ்கெல்பி.
செப்டம்பர் 9, புதன்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் திரு. ரெஜினால்ட் கார்சைட் அவர்களுக்கு, கீழ் ஸ்கெல்பியிலிருந்து ஆம்புரோஸ் ஸ்காதர்ட் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை மியூரியலும் நலம். அங்கு தாங்களும், தங்களுக்குப் புதிதாக வைத்திருக்கும் இடுப்பு மூட்டும், தங்கள் கிழட்டு நாயும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நாயின் நலம் வியாழக்கிழமைதோறும் மியூரியல் உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் நலத்தையும் சொல்வாள்தான், நான் கேட்காதது போல செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை. ஒரு மைல் தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் மேல் ஸ்கெல்பியில் இருக்கும் மனிதருக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுவானேன், நடந்து வந்து சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்த வாரம் மூன்று முறை புறப்பட்டேன். மூன்று முறையும் பாலம் வரை வந்ததும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது. இரண்டாம் முறை உங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார், ஓடையில் ஏதோ தேடுவது போல நடித்தேன். அவரும் கூடச் சேர்ந்து கால் மணி நேரம் தேடினார், பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வாத்து முடிந்து, வழக்கம்போல் புட்டிங்கில் பிராந்தி ஊற்றித் தீ வைக்கப் போகும் நேரம். பண்டிகைக்கு எல்லோரும் வைத்துக்கொள்ளும் காகிதக் கிரீடத்தில் பச்சையைத் தலையில் வைத்து உட்கார்ந்திருந்த நீங்கள், "ஆம்புரோஸ், நம்ம பாலத்துல அந்தக் காலத்துச் சண்டையில ஒருத்தன் தனியா நின்னான்னு சொல்றாங்கல்ல, அவன் எங்க வம்சம்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க வம்சத்துல எவனாவது நாள் முழுக்க நின்னிருந்தா அது சாராயக் கடை வாசலாத்தான் இருக்கும்" என்றேன். மேஜையே சிரித்தது. நீங்கள் கிரீடத்தைக் கழற்றி, மடித்து, தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அன்று புட்டிங் தீ பற்றவே இல்லை. இன்றுவரை மியூரியல் அதற்கு நான்தான் காரணம் என்கிறாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் முப்பத்தோரு வருடம் ரயில்வேயில், தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். குடை, பல்செட், ஒருமுறை உயிரோடு ஒரு வான்கோழி, எது வந்தாலும் உரியவர் யார் என்று நிரூபிக்காமல் நான் கொடுத்ததில்லை. "வாத்துத் தலை வச்ச கைப்பிடி, அது என் குடைதான்" என்று ஒரு அம்மாள் அழுதபோதுகூட, கைப்பிடியில் இருந்தது அன்னத்தின் தலை என்று சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவன் காதில், பாலத்து வீரன் என் சொத்து என்று ஆதாரமில்லாமல் ஒருவர் சொன்னால் விடுவேனா? ஓய்வு பெற்ற மறுநாளே மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருடம் உட்கார்ந்தேன்.

அங்கே உட்காருவது அப்படி ஒன்றும் லேசில்லை. பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். ஒரு நேரத்தில் மூன்று கட்டுக்கு மேல் தர மாட்டார்கள். பழைய புத்தகங்களுக்குத் தலையணை உண்டு, நமக்குத்தான் மர நாற்காலி. பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டுக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கே மிஸ் ஓல்ட்ராய்ட் என்று ஒரு பெண்மணி இருக்கிறார், காப்பகமே அவர் கண்ணசைவில்தான் நடக்கிறது. முதல் நாளே என்னிடம் வந்து, "மிஸ்டர் ஸ்காதர்ட், வாயில என்ன?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "ஒண்ணுமில்லாததுல புதினா வாசனை வருதே. வெளிய போய்த் துப்பிட்டு வாங்க" என்றார். அறுபது வயதில், எட்டுப் பேர் பார்க்க, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

கடைசியில் கிடைத்தது இரண்டே இரண்டு துண்டு. ஒன்று, மடத்துத் துறவி ஒருவர் எழுதிய குறிப்பு. சிவப்பு ரோஜாக் கட்சியும் வெள்ளை ரோஜாக் கட்சியும் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்ட காலம். '1461ஆம் ஆண்டு, தவக்காலத்து முதல் ஞாயிறன்று ஸ்கெல்பி பாலத்தில் சண்டை நடந்தது. காவலில் இருந்த ஒருவன் மட்டும் மாலை மணி அடிக்கும்வரை பாலத்தை விடாமல் நின்றான். அவன் பெயரைச் சொன்னார்கள், எனக்கு மறந்துவிட்டது.' பெயரை மறந்த அந்தத் துறவி மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அப்போதே ரயில்வே பாணியில் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருப்பேன். இரண்டாவது, பாலக் காவலின் முறைப் பட்டியல். வருடா வருடம் எந்த ஞாயிறு யார் காவல் என்று எழுதி வைத்தது. தவக்காலத்து முதல் ஞாயிறுக்கு நேராக என்ன இருந்தது தெரியுமா? 'மாவு மில்காரன் வாட் ஸ்காதர்ட்.' ஸ்காதர்ட்! நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். மிஸ் ஓல்ட்ராய்ட் என்னை அன்று மதியம் முழுவதும் வெளியே உட்கார வைத்தார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

பிறகு ஊரே தலைகீழானது உங்களுக்கும் தெரியும். பாலத்தின் ஓரம் நினைவுக்கல் வைக்கப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. நான் நாற்பத்தாறு சொற்களில் ஒரு வாசகம் எழுதிக்கொண்டு போனேன். கல்தச்சர் கென் பென்சிலைக் காதில் செருகியபடி படித்துவிட்டு, "ஐயா, இது கல்லு, பைபிள் இல்ல. அஞ்சு வார்த்தையும் ஒரு வருஷமும் சொல்லுங்க" என்றார். 'இந்தப் பாலத்தில் வாட் ஸ்காதர்ட் நின்றான், 1461' என்று முடிந்தது. மதுக்கடை லயனல் தன் கடைக்கு 'மில்காரனின் கோடரி' என்று பெயர் மாற்றி, வாசல் பலகையில் வாட்டின் படம் வரைய என்னைத் துண்டை விரித்து உட்கார வைத்தார். "வம்சம்தானே, மூக்கு அப்படியேதான் இருந்திருக்கும்" என்றார். இப்போது என் மூஞ்சிதான் கோடரியோடு தொங்குகிறது. கோடரியை இடது கையில் பிடித்திருக்கிறேன், ஏனென்றால் வலது கையில் அவர் கொடுத்த கோப்பை இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். என் கொழுப்பு, வாட் எப்படிப்பட்ட மனிதன் என்று ஒரு சின்னத் தகவலாவது கிடைக்காதா என்று சர்ச் நீதிமன்றத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கண்ணில் பட்டது. மில்காரன் வாட் ஸ்காதர்ட், கிறிஸ்து பிறந்த நாளன்று மில்லை ஓட்டியதற்காக இழுத்து வரப்பட்டான். ஏன் ஓட்டினாய் என்று கேட்டதற்கு, 'தண்ணி ஓடுச்சு, கல்லு சுத்துச்சு, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்' என்று பதில் சொன்னானாம். எங்கள் வம்சத்து வாய்தான், சந்தேகமே இல்லை. தண்டனை: 1460ஆம் ஆண்டு, தவக்காலத்து முதல் ஞாயிறன்று, பதினெட்டு மைல் தள்ளி மார்க்கெட் ஹேவர்பி சர்ச்சில், வெறுங்காலோடு, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தியோடு, காலைப் பூசையிலிருந்து மாலை மணிவரை எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியது. 1460! சண்டைக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு! வெள்ளைத் துணியில் தலைகுனிந்து நின்ற அதே மனிதன், அடுத்த வருடம் அதே ஞாயிறன்று பாலத்தில் தலைநிமிர்ந்து நிற்கிறான்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தின் கீழே இன்னும் பத்து வரி இருந்தது. பன்னிரண்டரை அடித்துவிட்டது, புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். சாப்பிட்டு வந்து மீதியைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. நேரே அச்சகத்துக்குப் போனேன்.

'ஒரு வருடத்து மனமாற்றம்' என்று தலைப்பு வைத்து அறுநூறு பிரதி அடித்தேன். எங்கள் பாதிரியார் ஃபிலிப்பா அம்மா அதை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்தார். "பாருங்க, ஒரே வருஷம். ஒரு மனுஷன் திருந்துறதுக்கு ஒரு வருஷம் போதும்" என்று அவர் சொன்னபோது முதல் வரிசையில் லயனல் தேம்பி அழுதார். ஆறு மாதமாகக் குடிப்பதை விட்டிருக்கிறாராம், மதுக்கடைக்காரர். உங்கள் ஊர் சர்ச்சிலும் அதே பிரசங்கம் ஓடியதாக மியூரியல் சொன்னாள். நீங்கள் நடுவில் எழுந்து போய்விட்டீர்கள் என்றும் சொன்னாள். இடுப்பு வலி என்று காரணம் சொன்னீர்களாம்.

காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுப்பது மரியாதை என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் ஓல்ட்ராய்ட் நின்றபடியே படித்தார். நான்காம் பக்கத்தில் அவர் புருவம் மேலே போனது, இறங்கவே இல்லை.

"மிஸ்டர் ஸ்காதர்ட், இது அச்சாயிடுச்சா?"

"அறுநூறுங்க" என்றேன், பெருமையாக.

"ஐயோ பாவம். உக்காருங்க. புதினா மிட்டாய் இருந்தா வாயில போட்டுக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "நீங்க பாத்தது சர்ச் கோர்ட்டுப் புஸ்தகம். அந்தக் காலத்துல சர்ச்சுக்காரங்களுக்கு வருஷம் பொறக்கறது ஜனவரியில இல்ல, மார்ச் இருபத்தஞ்சுல. ஜனவரி, பிப்ரவரி, முக்கால்வாசி மார்ச்சு, எல்லாம் பழைய வருஷத்தோட வாலு. தவக்காலத்து முதல் ஞாயிறு அந்த வாலுலதான் வரும். அவங்க 'அறுபதாம் வருஷத்துப் பிப்ரவரி'ன்னு எழுதினா, நம்ம காலண்டர்ல அது அறுபத்தொண்ணு."

"அப்ப, அவன் வெள்ளைத் துணியோட நின்ன ஞாயிறு..."

"நீங்க சண்டை நடந்ததுன்னு சொல்ற அதே ஞாயிறுதான்."

இன்றைக்கும் வரி கட்டுகிறவன் எவனுக்கும் வருடம் ஏப்ரலில் தொடங்குவது அந்தப் பழைய கணக்கின் மிச்சம்தானாம். நாற்பத்தைந்து வருடம் வரி கட்டிய எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? வாட் ஸ்காதர்ட், பாலத்து வீரன், ஊரே கொண்டாடும் எங்கள் முப்பாட்டன், சண்டை நடந்த நேரத்தில் பதினெட்டு மைல் தள்ளி, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தான். மனமாற்றத்துக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வருடமில்லை, ஒரு நிமிடம்கூட இல்லை.

இனிமேல்தான் எனக்கு எழுத வராத பகுதி. மூன்று முறை பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். மிஸ் ஓல்ட்ராய்ட் புத்தகத்தை எடுத்து வந்து, தலையணைமேல் வைத்து, நான் படிக்காமல் விட்ட அந்தப் பத்து வரியில் விரலை வைத்தார். வாட் நீதிபதியிடம் முறையிட்டிருக்கிறான்: அன்று பாலக் காவல் என் முறை, தண்டனையை வேறு நாளுக்கு மாற்றுங்கள் என்று. மாற்ற முடியாது, வேறு ஆள் போடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கீழே: 'மேல் ஸ்கெல்பி ஹாப் கார்சைட் என்பவன், கூலி எதுவும் கேளாமல், இவனுக்குப் பதிலாக விடியல் முதல் மாலை மணிவரை பாலத்தில் நின்றான் என்று சாட்சி சொல்லப்பட்டது.' அவ்வளவுதான். சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சர்ச் கோர்ட்டுக்கு மில் ஓடியதுதான் கவலை, சண்டை நடந்தது ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்சைட். உங்கள் தாத்தா சொன்னது சரி. கிரீடத்தோடு உட்கார்ந்து நீங்கள் சொன்னதும் சரி. அதைப் பொய்யாக்கப் பதினோரு வருடம் மர நாற்காலியில் தேய்ந்து, உண்மை என்று நிரூபித்துக் கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு வந்து மியூரியலிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"நான் சொன்னது தப்பு."

"கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷத்துல இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. இன்னும் ஒரே ஒரு தடவ."

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் மட்டும் பாலத்தக் கடந்து போயிட்டு வர்றேன். எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். உங்களுக்குக் குடை முக்கியமா, குடைக்காரன் முக்கியமா?" என்றாள்.

ஆகவே செய்ய வேண்டியதைச் செய்தேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "யாரோ ஒருத்தன் நின்னான்ல? அவன் பேரப் போடுங்க. சான்ட்விச்சுக்கு எல்லாம் சொல்லியாச்சு, நாள மாத்தாதீங்க" என்றார். கென் கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'இந்தப் பாலத்தில் ஹாப் கார்சைட் நின்றான், 1461' என்று புதிதாகக் கொத்தியிருக்கிறார். வாட்டின் பெயர் இனி என்றைக்கும் சுவரைப் பார்த்தபடி இருக்கும், நிற்க வைத்துத் தண்டனை கொடுத்தது போல. பாதிரியார் அம்மாவிடம் சொன்னபோது மட்டும் கஷ்டமாக இருந்தது. "அப்ப திருந்தறதுக்கு எவ்வளவு நாளாகும்னு ஜனங்க கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். பதினோரு வருடம் என்று சொல்லுங்கள் என்றேன். லயனலிடம் அந்த ஒரு வருடக் கணக்கு பொய் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அவர் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிடுவார் என்று பயம். காரணம் சொல்லாமல், பலகையில் அடியில் உள்ள பெயரை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறோம். படத்தை மாற்ற நேரமில்லை. ஆகவே உங்கள் முப்பாட்டன் என் மூஞ்சியோடு தொங்குவார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுதுகிற வேகத்திலேயே சொன்னால்தான் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் என் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நாங்கள் ரயிலில் திரும்பிய இரவு. பனியில் வண்டி நாலு மணி நேரம் தாமதம். இறங்கினால் இரண்டாம் பிளாட்பாரத்தில் நீங்கள், தொப்பியில் இரண்டு விரல் பனியோடு நிற்கிறீர்கள். யார் உங்களை வரச் சொன்னது என்று எனக்கு ஆத்திரம். மியூரியல் உங்கள் காரில் ஏறினாள். நான் உங்களைப் பார்க்காதது போலத் தாண்டிப்போய், மூன்று மைல் பனியில் நடந்தே வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் சூப் வைத்து, குடித்து, பாத்திரமும் கழுவி முடித்திருந்தாள். அன்று எனக்குக் காது மரத்துப்போனது. இப்போது நினைத்தால் முகமே மரத்துப்போகிறது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கல் திறப்பு. முதல் வரிசையில் உங்கள் இடுப்புக்குத் தோதாகக் கைவைத்த நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். திரையை விலக்க வேண்டியவர் நீங்கள். பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன், அது ஒன்றே வருகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். ரொம்ப வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வந்தால் மியூரியல் புட்டிங் செய்வதாகச் சொல்கிறாள், செப்டம்பர் மாதத்தில்! தீயை நீங்களே வையுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், இடுப்புக்கு நல்ல நடையும், நாய்க்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் நிலைத்திருக்க வேண்டுமென்று வாழ்த்தி, மேல் ஸ்கெல்பியில் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கும் எல்லோருக்கும் (இருந்தால்) என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
ஆம்புரோஸ் ஸ்காதர்ட்

பின்குறிப்பு: மச்சான், உறையில் எச்சில் தடவும்போது தொலைபேசி அடித்தது. மிஸ் ஓல்ட்ராய்ட். குரலே சரியில்லை. "மிஸ்டர் ஸ்காதர்ட், ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. சண்டையப் பத்தி எழுதினாரே அந்தத் துறவி, அவரும் சர்ச்சுக்காரர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அவருக்கும் வருஷம் மார்ச்சுலதானே பொறக்கும்?" என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். துறவி 1461 என்று எழுதிய தவக்காலம் நம் கணக்கில் 1462. சண்டை நடந்தது வாட் வெள்ளைத் துணியோடு நின்றதற்கு அடுத்த வருடம். பட்டியலின்படி வருடா வருடம் அந்த ஞாயிறு வாட்டின் முறைதான். வெள்ளைத் துணிக்கும் சண்டைக்கும் நடுவே மறுபடியும் முழுசாக ஒரு வருடம் இருக்கிறது. என் அறுநூறு புத்தகமும் சரி, பிரசங்கமும் சரி, லயனலும் சரி. உங்கள் ஹாப் நின்ற ஞாயிறன்று ஸ்கெல்பியில் சண்டையே இல்லை. அதனால்தான் சர்ச் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடிந்ததிலிருந்து மாலை மணிவரை காலியான பாலத்தில் நின்றுவிட்டு, மணி அடித்ததும் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஒரு மணி நேரமாக இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிழித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. கல்லை மறுபடி திருப்பினால் எங்கள் பெயர் தயாராக இருக்கிறது, கொத்தக்கூட வேண்டாம். கென்னைக் கூப்பிட எழுந்தேன். மியூரியல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவின கிழங்கையே திரும்பத் திரும்பச் சீவினாள். அப்புறம் நான் கென்னைக் கூப்பிடவில்லை. கல்லில் இருக்கும் அந்த ஐந்து சொல்லையும் வருஷத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'இந்தப் பாலத்தில் ஹாப் கார்சைட் நின்றான், 1461.' அதில் ஒரு பொய்கூட இல்லை மச்சான். சண்டை என்று எங்கே இருக்கிறது? கல்லில் இடமில்லை என்று கென் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊர் என்ன நினைத்துக்கொள்கிறதோ அது ஊரின் பாடு. இது தெரிந்தவர்கள் நான், மியூரியல், மிஸ் ஓல்ட்ராய்ட், இப்போது நீங்கள். சொல்லாமல் மறைக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

சண்டை வந்தால் எவனும் நிற்பான், ஓட வழி இருக்காது. யாருமே வராத பாலத்தில், அடுத்தவன் இடத்தில், பிப்ரவரிக் குளிரில், கூலியும் வாங்காமல் ஒருவன் நாள் முழுக்க நின்றான் என்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். தொப்பியில் இரண்டு விரல் பனியோடு அவனை நான் பார்த்திருக்கிறேன், பார்க்காதது போலத் தாண்டியும் போயிருக்கிறேன். சனிக்கிழமை நான் பாலத்தின் இந்தப் பக்கம் இருப்பேன். உங்கள் இடுப்புக்கு எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். மாலை மணிவரை நின்றுகொண்டிருக்கிறேன்.